அயோவா போனால் பந்தாட்டம் பாருங்கள்!

அமெரிக்கா போய் வந்தேன் என்றால் நம் சிநேகிதிகள் கேட்பது மூன்றே கேள்விதான். நயாகரா பார்த்தாயா? சுதந்திர தேவி சிலை பார்த்தாயா? டிஸ்னி உலகம் போனாயா? மூன்றுக்கும் நான் 'இல்லை' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பார்த்தது சோளக்கொல்லைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அங்கே காலேஜ் பெண்கள் ஆடிய ஒரு கூடைப்பந்து ஆட்டம். அதுவும் ஒரு பக்கமாகவே சாய்ந்துபோன ஆட்டம்! ஆனாலும் இன்னொரு தடவை டிக்கெட் கிடைத்தால் நயாகராவை விட்டுவிட்டு அங்கேயேதான் போவேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஊர் எப்படி?

சிகாகோவில் இறங்கி மேற்கே காரில் நாலு மணி நேரம் போனால் அயோவா சிட்டி வருகிறது. 220 மைலுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். வழி நெடுக மக்காச்சோளம்தான். அமெரிக்காவிலேயே மக்காச்சோளம் அதிகம் விளைகிற மாநிலம் இதுதானாம். நான் போன சமயம் தட்டையெல்லாம் காய்ந்து, பெரிய பெரிய மெஷினை வைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். நம் தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடைக் காலத்தில் பஸ்ஸில் போகிற மாதிரியே இருந்தது. ஆட்கள்தான் கண்ணில் படவில்லை.

ஊருக்கு நடுவே அயோவா ஆறு ஓடுகிறது. கரையில் பல்கலைக்கழகம். பொன் நிறக் கோபுரம் வைத்த ஒரு பழைய கட்டடம் நடுநாயகமாக நிற்கிறது. 1857 வரை மாநிலத்துக்கே இதுதான் தலைநகராம். அப்புறம் தலைநகரம் டி மாயினுக்குப் போய்விட்டது. கட்டடம் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டது. ஊரே படிப்பை நம்பித்தான் இருக்கிறது. கடைவீதியில் எங்கே திரும்பினாலும் மஞ்சளும் கறுப்பும். சட்டை, தொப்பி, குழந்தையின் சாக்ஸ், நாய்க்குக் கட்டுகிற பட்டைகூட! அதுதான் பல்கலைக்கழகத்தின் கலர். அவர்கள் அணிக்கு 'ஹாக்ஐஸ்' என்று பெயர். ஹெர்க்கி என்று ஒரு பருந்து பொம்மை அடையாளம்.

நான் போன காரணம்

என் தம்பி மனைவிக்கு 2023 செப்டம்பரில் இரண்டாவது பிரசவம். அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. விமானம் ஏற முடியாது. அதனால் பத்தியச் சாப்பாடு, குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் எல்லாவற்றுக்கும் நான் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தம்பியின் மூத்த பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து அணியில் இருக்கிறாள். அந்தக் கோடையில்தான் பெரியவளாகியிருந்தாள். மாயவரத்திலிருந்து அம்மா தினமும் போன் பண்ணுவாள். குழந்தை பால் குடிக்கிறதா என்று கேட்டு முடித்த கையோடு அடுத்த விஷயம் இதுதான்.

"பெரியவ ஆயாச்சு. இனிமே அரை நிஜாரைப் போட்டுண்டு குதிக்கறதெல்லாம் போதும்னு நீதான் எடுத்துச் சொல்லணும். நாளைக்கு வயத்துல ஏதாவது கோளாறுன்னா யார் பாக்கறது?"

தம்பி நழுவிவிட்டான். "நீயே பார்த்துச் சொல்லு அக்கா. நீ சொன்னா அம்மா கேப்பா" என்றான். தம்பி மனைவியோ, "நான் சொன்னா மாமியார் பேச்சை மீறினதா ஆயிடும் அக்கா. நீங்களே முடிவு பண்ணுங்கோ" என்று குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பெண்ணோ ஒன்றும் பேசவில்லை. பந்தை மட்டும் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. அக்டோபர் கடைசிக்குள் பள்ளிக்கூடத்தில் பேர் கொடுக்க வேண்டும். முடிவு என் தலையில்!

பாட்டிகளும் பந்து ஆடிய ஊர்

பக்கத்து வீட்டில் ஓர் அமெரிக்க அம்மாள். எழுபத்திரண்டு வயது. பிரசவ வீடு என்று ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வந்தவள், எங்கள் பெண்ணின் கையில் பந்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். "நானும் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் ஆடினேன். ஒரு தடவைகூடக் கூடையில் பந்து போட்டதில்லை" என்றாள். எனக்குப் புரியவில்லை. எங்கள் பெண்தான் தமிழில் சொன்னாள்.

அயோவாவில் அந்தக் காலத்தில் பெண்களுக்கென்று தனி விதி. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். மைதானத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துவிடுவார்கள். மூன்று பேர் ஒரு பாதியில் நின்று பந்தைப் போட வேண்டியது. மற்ற மூன்று பேர் அடுத்த பாதியில் நின்று தடுக்க வேண்டியது. கோட்டைத் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு தடவைக்கு மேல் தரையில் தட்டக் கூடாது. காரணம் என்ன தெரியுமா? முழு மைதானமும் ஓடினால் பெண் உடம்பு தாங்காது என்ற எண்ணம்தான்! மாயவரத்தில் என் அம்மா சொன்னதைத்தான் அந்தக் காலத்தில் அங்கேயும் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் தடுக்கிற பக்கம் நின்றவள். அதனால்தான் நாலு வருஷமும் கூடையில் பந்து போடும் பாக்கியமே கிடைக்கவில்லை.

விதி இப்படி இருந்தாலும் அந்த ஊர்ப் பெண்கள் ஆட்டத்தை விடவில்லை. 1920-லேயே மாநில அளவில் பள்ளிப் பெண்களுக்குப் போட்டி வைத்துவிட்டார்கள். 1925-ல் பெண்கள் போட்டியை நிறுத்த வேண்டும் என்று பெரிய பள்ளிக்காரர்கள் சொன்னபோது, சின்னக் கிராமத்துப் பள்ளிகளெல்லாம் சேர்ந்து பெண்களுக்கென்றே தனிச் சங்கம் ஆரம்பித்துவிட்டன. 1968-ல் டெனிஸ் லாங் என்ற பள்ளி மாணவி ஒரே ஆட்டத்தில் 111 பாயிண்ட் போட்டிருக்கிறாள். ஆறு பேர் ஆட்டம் 1993 வரை நடந்தது. அப்புறம்தான் எல்லா ஊரையும் போல ஐந்து பேர், முழு மைதானம்.

இப்போது அயோவா பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருக்கும் ஜான் ஜென்சன் அந்த ஆறு பேர் ஆட்டத்தில் வளர்ந்தவர். 1987-ல் பள்ளியின் கடைசி வருஷத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 66 பாயிண்ட்! அவருடைய பாட்டியும் 1921-லேயே ஆடுபன் என்ற ஊர்ப் பள்ளிக்காக ஆடி மாநிலப் பட்டம் ஜெயித்தவராம். நம் பாட்டிமார் பல்லாங்குழி ஆடிய காலத்தில் அந்தப் பாட்டி பந்தைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! பந்து ஆடியும் அந்தக் குடும்பம் பேரன் பேத்தி எடுத்துத்தானே இருக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த அம்மாள்தான் எங்களுக்கும் டிக்கெட் எடுத்தாள். "ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணு" என்றாள்.

மைதானமே கொலு

2023 அக்டோபர் 15, ஞாயிற்றுக்கிழமை. அன்று நவராத்திரி முதல் நாள். ஐந்து படி கொலு வைத்து, காலையிலேயே கடலைச் சுண்டல் பண்ணி நைவேத்தியம் முடித்துவிட்டேன். மஞ்சள் புடைவை, அதன் மேல் தம்பியின் கறுப்பு ஸ்வெட்டர். அடேயப்பா, தெருவில் போகிறவர்களெல்லாம் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார்கள்! என்னமோ ஏதோ என்று பார்த்தால், அவர்கள் கலரில் புடைவை கட்டியிருக்கிறேனாம்.

வழக்கமாகக் கூடைப்பந்து மூடின அரங்கத்துக்குள்தான் நடக்கும். கார்வர் ஹாக்ஐ அரங்கம் என்று 1983-ல் திறந்தது. அதில் சுமார் 15,000 பேர் உட்காரலாம். 1985-ல் அங்கே பெண்கள் ஆட்டம் ஒன்றுக்கு 22,157 பேர் நெருக்கியடித்து வந்தார்களாம். இந்தத் தடவை அதையும் மிஞ்ச வேண்டும் என்று அமெரிக்கக் கால்பந்து ஆடுகிற கின்னிக் மைதானத்திலேயே மரப்பலகைத் தளம் போட்டுவிட்டார்கள். திறந்தவெளி. 1929-ல் கட்டிய மைதானம். சீசன் தொடங்குமுன் நடக்கிற காட்சி ஆட்டம்தான். எதிர் அணி சிகாகோவிலிருந்து வந்த டிபால் பல்கலைக்கழகம். வசூலில் குழந்தைகள் மருத்துவமனைக்குப் பங்கு என்று சொல்லியிருந்தார்கள்.

உள்ளே நுழைந்து நிமிர்ந்து பார்த்தேன். நாலு பக்கமும் படிப்படியாக மேலே போகிறது. படி முழுக்க மஞ்சளும் கறுப்புமாக மனுஷர்கள். வீட்டில் நான் வைத்தது ஐந்து படி. இங்கே எத்தனை படி என்று எண்ணக்கூட முடியவில்லை! அப்பா தோளில் உட்கார்ந்த சிறுமிகள், தடி ஊன்றி வந்த கிழவிகள், கைக்குழந்தையோடு தாய்மார்கள். அன்று கூடியது 55,646 பேர். அதற்கு முன் பெண்கள் கூடைப்பந்துக்குக் கூடிய மிகப் பெரிய கூட்டம் 2002-ல் சான் அன்டோனியோவில் நடந்த இறுதி ஆட்டத்துக்கு 29,619 பேர்தான். ஏறக்குறைய இரண்டு பங்கு!

ஆட்டத்தின் கணக்கை எங்கள் பெண் சொல்லித்தந்தாள். பத்துப் பத்து நிமிஷமாக நாலு பகுதி. கூடை பத்தடி உயரம். பக்கத்திலிருந்து போட்டால் 2, வளைந்த கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் 3. அன்று நல்ல குளிர், அதோடு காற்று. தூரத்திலிருந்து போடுகிற பந்தைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். கூடாரத்துக்கு வெளியே அடுப்பு மூட்டின மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி நின்று கை அசைத்தார்கள்

முதல் பகுதி முடிந்ததும் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மைதானத்துக்கு எதிரே, ரோடு தாண்டி, ஓர் உயரமான கண்ணாடிக் கட்டடம். அயோவா பல்கலைக்கழகத்தின் ஸ்டெட் குடும்பக் குழந்தைகள் மருத்துவமனை. 2017-ல் திறந்தது. புற்றுநோய், இருதய நோய் என்று சின்னக் குழந்தைகள் மாசக்கணக்கில் படுத்திருக்கிற இடம். மேல் மாடியில், நடக்க முடிந்த குழந்தைகளும் பெற்றவர்களும் ஆட்டம் பார்க்கவென்றே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அந்த வருஷத்திலிருந்தே இங்கே ஒரு பழக்கம். கால்பந்தில் முதல் பகுதி முடிந்தவுடன் கூட்டம் முழுவதும் எழுந்து, அந்தக் கட்டடத்தைப் பார்த்துக் கை அசைக்கும். யாரோ ஒரு ரசிகைக்குத் தோன்றிய யோசனையாம். இப்போது அது ஊர் வழக்கமே ஆகிவிட்டது.

அன்றும் அப்படித்தான். ஐம்பத்தைந்தாயிரம் பேரும் எழுந்து திரும்பிக் கை அசைத்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் இரண்டு கையையும் தூக்கி அசைத்தாள். நானும் அசைத்தேன். அந்த உயரத்தில் ஜன்னலுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அங்கே ஒரு தாய் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பார், உனக்குத்தான்" என்று காட்டியிருப்பாள் என்பது தெரியும். தாயான யாருக்கும் தெரியும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தேன். எங்கள் பெண் நுனிக் காலில் எம்பி எம்பிக் கை அசைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஜன்னலுக்குள் இருக்கிற தாய், என் குழந்தை ஒரு தடவை ஓடினால் போதும் என்று தெய்வத்தை வேண்டிக்கொண்டிருப்பாள். இங்கே ஓடத் தெரிந்த கால் இரண்டும் திடமாக இருக்கிற பெண்ணை நாம் ஓடாதே என்கிறோம். அப்போதே என் மனசில் பாதி முடிவு ஆகிவிட்டது.

ஒரு பக்க ஜெயம்

மிச்சப் பாதியை ஆட்டம் முடித்துவைத்தது. அயோவா பக்கம் 22-ஆம் நம்பர் சட்டை போட்ட கெய்ட்லின் கிளார்க். வெளியூர்க்காரி இல்லை, டி மாயின் பக்கத்துப் பெண்தான். அன்று அவள் போட்டது 34 பாயிண்ட். கூடையில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடித்தது 11 தடவை. தோழிகள் பாயிண்ட் எடுக்கப் பந்து கொடுத்தது 10 தடவை. எனக்குப் பிடித்தது அந்தப் பத்துதான். தான் போடலாம் என்றிருக்கும்போது, இன்னும் நல்ல இடத்தில் நிற்கிறவளுக்குத் திரும்பிப் பார்க்காமலே பந்தைத் தள்ளுகிறாள். கூட்டுக் குடும்பத்தில் நாலு மருமகள்கள் பேச்சில்லாமல் சமையலறையில் வேலை நடத்துவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த லாகவம்!

கடைசிக் கணக்கு அயோவா 94, டிபால் 72. இருபத்திரண்டு பாயிண்ட் வித்தியாசம். யார் ஜெயிப்பார்கள் என்பது முடிவதற்கு ரொம்ப முன்னாலேயே தெரிந்துபோயிற்று. நம் ஊராக இருந்தால் கூட்டம் நெரிசலுக்கு முன் பஸ் பிடிக்க ஓடியிருக்கும். எங்களைச் சுற்றி யாரும் எழுந்திருக்கவில்லை. குளிரில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "தெரிந்துபோன ஆட்டத்தை ஏன் பார்க்கிறார்கள்?" என்று பெண்ணை விட்டுக் கேட்கச் சொன்னேன். "நான் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றவள். இந்தப் பெண்கள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவதை எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்குப் போதாது" என்றாள் அந்த அம்மாள்.

தோற்கிற பெண்களையும் கவனித்தேன். என் மனசு அந்தப் பக்கம்தான் கொஞ்சம் போயிற்று. ஊர் முழுக்க எதிர்க்கட்சி. வெளியூர் மண். ஜெயிக்க வழியில்லை. ஆனாலும் கடைசி வரை ஓடினார்கள், தடுத்தார்கள், விழுந்தவளைக் கை கொடுத்துத் தூக்கினார்கள். நம் பெண்ணுக்கு நாளைக்குப் புக்ககத்திலோ ஆபீசிலோ எல்லாமே ஜெயமாகவா வரப்போகிறது? தோல்வி தெரிந்த பிறகும் தலை நிமிர்ந்து நிற்கப் பன்னிரண்டு வயதிலேயே பழகிக்கொண்டால் நல்லதுதானே.

தாய்மார்களுக்கு நாலு வார்த்தை

தம்பி வீட்டுக் குழந்தை டாக்டரிடம் எங்கள் பெண்ணைப் பற்றியும் கேட்டேன். அவர் சொன்னதை நம் எல்லோருக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

மாதவிலக்கு நாளில் விளையாடினால் கர்ப்பப்பைக்குக் கெடுதல் என்பதற்கு ஆதாரம் இல்லை. சோர்வோ வலியோ இருந்தால் அன்று ஓய்வு எடுக்கட்டும். உதிரப்போக்கு ரொம்ப அதிகமாக இருந்தாலோ, சில மாசம் வராமலே நின்றாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். எலும்பில் பலம் சேருவது பெரும்பாலும் இந்த வளரும் வயதில்தான். ஓடுவதும் குதிப்பதும் அதற்கு நல்லது. ஐந்து வயதிலிருந்து பதினேழு வரை தினம் ஒரு மணி நேரமாவது உடம்பு அசைய விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய விஷயமும் உண்டு. இந்த ஆட்டத்தில் பெண்களுக்கு முழங்காலில் அடிபடுவது ஆண்களைவிட அதிகம். அதனால் ஆடும் முன் உடம்பைச் சூடு பண்ணும் பயிற்சி, காலுக்குப் பொருந்தின ஷூ இரண்டும் அவசியம். சாப்பாட்டில் கீரை, பயறு, கேழ்வரகு, பால், தயிர் குறையக் கூடாது. கீரை, பயறோடு கொஞ்சம் எலுமிச்சம்பழம் சேர்த்துக்கொண்டால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

அன்று ராத்திரி, அதாவது மாயவரத்தில் மறுநாள் காலை, அம்மாவுக்கு நானே போன் பண்ணினேன்.

"அவ ஆடட்டும் அம்மா. நான் டாக்டர்கிட்டயும் கேட்டாச்சு. எழுபத்திரண்டு வயசுப் பாட்டியையும் கண்ணால பார்த்தாச்சு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்த நிஜாராவது கொஞ்சம் நீளமா போட்டுக்கப்படாதோ?" என்றாள்.

"டீம்ல எல்லாரும் போட்டுக்கறதைத்தான் அவளும் போட்டுக்கணும்."

"சரி. ஆடப் போறதுக்கு முன்னாடி சுவாமிக்கு ஒரு நமஸ்காரம் பண்ணிட்டுப் போகச் சொல்லு."

மறுநாளே பள்ளிக்கூடத்தில் பேர் கொடுத்தாகிவிட்டது.

போகிறவர்களுக்கு

கிளார்க் 3,951 பாயிண்டோடு படிப்பை முடித்து, 2024-ல் தொழில்முறை அணிக்குப் போய்விட்டாள். ஆணோ பெண்ணோ, கல்லூரி முதல் டிவிஷனில் அதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. அவள் அணி அந்த ஏப்ரலில் தேசிய இறுதி ஆட்டம் வரை போய், சவுத் கரோலினாவிடம் 87-75 என்று தோற்றது. அந்த வருஷம் ஆண்கள் இறுதி ஆட்டத்தைவிடப் பெண்கள் ஆட்டத்தை டி.வி.யில் பார்த்தவர்கள்தான் அதிகமாம்! அதன் பிறகுதான் லிசா ப்ளூடர் ஓய்வு பெற்று, ஜென்சன் தலைமைப் பயிற்சியாளரானார்.

பெண்ணையோ பிள்ளையையோ பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்கள் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போனால் கார்வர் அரங்கத்தில் பெண்கள் ஆட்டம் பார்க்கலாம். மேல் வாசலில் நுழைந்து கிணற்றில் இறங்குகிற மாதிரி கீழே இறங்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் மேல் வரிசை டிக்கெட்டே வாங்குங்கள். முன்கூட்டியே வாங்குவது நல்லது. 2023-24-ல் சீசன் டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்துவிட்டது. நம் தோள்பையை உள்ளே விடமாட்டார்கள். உள்ளிருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பைதான் எடுத்துப்போக வேண்டும். புளியோதரைப் பொட்டலமும் நடக்காது, சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். வெளியே குளிர் கடுமை, காதை மூடிக்கொள்ள மறக்காதீர்கள்.

மஞ்சள் புடைவை இருந்தால் பெட்டியில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் குழந்தை இருந்தால் கூடவே அழைத்துக்கொண்டு போங்கள்.